சனத்தின்ர உடுப்பு

முப்பத்தைந்து வயதில் ஒரு தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். லோண்டரித் தொழிலைப் பொறுத்தவரை என் நிலை அதுதான். எங்கள் குடும்பத்துக்கு வெள்ளவத்தையில் ஒரு லோண்டரி இருந்தது. இப்போது இல்லை. நான் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு, துவாய்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அண்மையில் அங்கே ஒரு புதுமுறை வந்தது. ஒவ்வொரு பெட்சீட்டின் ஓரத்திலும் அரிசி அளவில் ஒரு சிப்பை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். துணி கதவைத் தாண்டினால் கணினிக்குத் தெரியும். எந்த அறையில் விரித்தது, எப்போது கழுவியது, இப்போது எங்கே கிடக்கிறது, எல்லாம் திரையில் வரும்.

பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: "சேர், முந்தி இது இல்லாம எப்படி? ஒரு பெட்சீட் போகக்கூடாத எடத்துக்குப் போனா என்ன செய்வீங்க?"

போகக்கூடாத இடத்துக்கு ஒரு பெட்சீட் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று வேலை மும்முரத்தில் பதில் சொல்லாமல் விட்டேன். இது அந்தப் பிள்ளைக்கான பதில்.

கடையைத் தொடங்கியவர் பெரியப்பா, என் அப்பாவின் அண்ணன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து சிதறியபோது அவரும் அப்பாவும் எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் தெமட்டகொடையில் இன்னொருவரின் லோண்டரியில் ரயில்வேக்காரரின் காக்கி உடுப்புகளுக்குக் கரி போட்ட அயர்ன்பெட்டி பிடித்தார்கள். பிறகு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பாதிக் கடையை வாடகைக்கு எடுத்தார்கள். கழுவுவதும் காயவைப்பதும் பாமன்கடையில், கிணறும் வளவும் உள்ள ஒரு பழைய வீட்டில். இரண்டுக்கும் நடுவில் அப்பா சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் இறந்துபோனார். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அம்மாவும் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம்.

கடைக்குப் போர்டு எழுத வந்தவர் என்ன பெயர் போடுவது என்று கேட்டாராம். "எங்கட ஊரும் ஆளும் தெரியாத மாதிரி ஒரு பேர் போடும்" என்றாராம் பெரியப்பா. போர்டுக்காரர் யோசித்துவிட்டு, எங்களில் ஒருவரும் கண்டிராத வெளிநாட்டுப் பூ ஒன்றின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போனார்.

ஊரும் ஆளும் ஏன் தெரியக்கூடாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஊரில் எங்கள் ஆட்களை அழைக்கும் பெயர் கட்டாடி. மரியாதைப்பட்டால் கட்டாடியார். ஊராரின் உடுப்பை வெளுப்பது மட்டும் அல்ல வேலை. கல்யாணவீடு, செத்தவீடு என்றால் போய்க் கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டவேண்டும். இறந்தவருக்குப் போர்த்த வெளுத்த துணி கொண்டுபோகவேண்டும். அந்தத் துணிக்குப் பெயர் மாற்று. கட்டாடி வீட்டில் அத்தனை வெள்ளைக்கு எங்கே போவது? வெளுக்கக் கொடுத்த மற்ற வீட்டுக்காரரின் வேட்டிகளும் சேலைகளும்தான் போகும். ஒருவரின் வேட்டி இன்னொருவரின் செத்தவீட்டுக் கூரையில் தொங்கும். எல்லாருக்கும் அது தெரியும். ஒருவரும் கேட்பதில்லை. பிறகு அரிசியும் காயும் ஒரு நாணயமும், செத்தவரின் பழைய உடுப்பும் கட்டாடிக்கு வந்து சேரும்.

கொழும்புக்கு வந்த பெரியப்பா இரண்டு விஷயங்களில் உறுதியாக இருந்தார். ஒருவர் வீட்டுக்கும் வெள்ளை கட்டப் போவதில்லை. கஸ்டமரின் துணி கஸ்டமரிடம் அன்றி வேறெங்கும் போவதில்லை. இந்த இரண்டாவதைக் கடையில் காவல் காத்தவர் பெரியம்மா. கழுவி மடித்த குவியலில் நான் சும்மா சாய்ந்தாலும் குரல் வரும்: "சனத்தின்ர உடுப்பு தம்பி." எழும்பிவிடவேண்டியதுதான்.

எங்கள் குடும்பத்தில் ஏ.எல். பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். வேலை செய்துகொண்டே வர்த்தகத்தில் வெளிவாரிப் பட்டமும் எடுத்தேன். பெரியப்பா ஒரு விசிட்டிங் கார்ட் அடித்து அதில் என் பெயருக்குக் கீழே மனேஜர் என்று போடுவித்தார். மனேஜர் முதல் இரண்டு வருடமும் பொயிலருக்கு விறகு போட்டார், புளீச் வாளி சுமந்தார், கையைச் சுட்டுக்கொண்டார். அந்தக் காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பெரியப்பா அதட்டிப் பேசுகிறவர் அல்ல. துணி சரியாக வெளுத்ததா என்று பார்க்க அதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணப்பார். பிறகு புறங்கையால் தடவுவார். உள்ளங்கை காய்த்துப்போய்விட்டது, அதற்கு ஒன்றும் தெரியாது என்பார். பிடிக்கவில்லை என்றால் ஒரு சொல்லும் சொல்லாமல் துணியைத் திரும்பத் தண்ணீரில் போடுவார். திட்டு வாங்கினால் பரவாயில்லை என்று இருக்கும்.

நகரம் வளர வளர எங்கள் வேலை மெலிந்தது. காலி வீதியின் இரண்டு பக்கமும் மாடி வீடுகள் எழும்பின. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வொஷிங் மெஷின். சேலைக்குக் கஞ்சி போட வந்த அக்காமார் குறைந்து போனார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு நேர்சிங் ஹோமின் வேலை எங்களுக்குக் கிடைத்தது. எடுத்துத் தந்தவர் அங்கே அலுவலகத்தில் வேலை செய்த சியாமளா அக்கா. எங்கள் ஊர்க்காரர். அவருடைய தகப்பன் ஊரில் கணக்கு மாஸ்டர். கடைக்கு வரும்போது பெரியப்பாவை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வேலையை நம்பித்தான் பெரிய மெஷின் போட்டோம். கிராண்ட்பாஸிலிருந்து வந்துபோன பார்வதி அக்காவையும் இன்னும் இரண்டு பெண்களையும் அயர்ன் வேலைக்கு எடுத்தோம். நேர்சிங் ஹோம் துணிக்குத் தனித் தொட்டி. இரத்தக் கறை உள்ளதை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசவேண்டும். அவசரப்பட்டுச் சுடுதண்ணீரில் போட்டால் கறை துணியோடு வெந்து நின்றுவிடும், பிறகு எவராலும் எடுக்கமுடியாது. அதன் பிறகு கொதிதண்ணீரில் அவியல், புளீச், புளீச்சின் காரம் போக ஒரு புளிப்புத் தண்ணீர், இரண்டு அலசல். ஒவ்வொரு பெட்சீட்டின் மூலையிலும் நேர்சிங் ஹோமின் பெயர் நீல எழுத்தில் குத்தியிருக்கும். அந்த மை எந்த அவியலுக்கும் போகாது. மடிக்கும்போது அந்த மூலை மேலே தெரிய மடிக்கவேண்டும் என்பது அங்கத்தைய மேட்ரனின் கட்டளை. மேட்ரன் கொட்டாஞ்சேனைக்காரி. கண்டிப்பு என்றால் கண்டிப்பு, ஆனால் நியாயமான மனுசி.

கொழும்பில் மகளோடு இருந்த மாஸ்டர் இறந்த காலையில் சியாமளா அக்காவின் அழைப்பு வந்தது. பெரியப்பா கையில் ஈரம் என்பதால் நான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். அக்கா அழுதுகொண்டு சொன்னார்: "அப்பா சொல்லிப்போட்டுத்தான் போனவர். எங்கட கட்டாடியின்ர மகன் இஞ்ச இருக்கிறான், அவன்தான் எனக்கு வெள்ளை கட்டவேணும் எண்டு. வருவியள்தானே?"

அத்தனை வருடம் அண்ணை. அன்று ஒரே வாக்கியத்தில் கட்டாடி. அவர் நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கூடச் சுட்டது.

"போகவேண்டாம் பெரியப்பா. நாங்கள் லோண்டரிக்காரர். செத்தவீட்டு ஒழுங்கு செய்யிற மலர்ச்சாலைக்காரர் எல்லாம் கட்டித் தருவினம்" என்றேன்.

பெரியப்பா கை துடைத்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். அதுவரை எனக்குச் சொல்லாத விஷயம். ஊர் இடம்பெயர்ந்த நாளில், மழைக்குள், சனத்தோடு சனமாக நடந்து வரும்போது அவருடைய தகப்பன் வீதிக்கரையில் விழுந்து இறந்துபோனார். ஊருக்கெல்லாம் மாற்றுக் கொண்டுபோன மனிதனுக்குப் போர்த்த ஒரு முழத் துணி கையில் இல்லை. பின்னால் வந்த மாஸ்டர் நின்றார். தன் பையைத் திறந்து, வெளுத்து மடித்திருந்த வேட்டி ஒன்றை எடுத்துத் தானே போர்த்துவிட்டார். தொட்டுப் போர்த்தார். பிறகு நடந்து போய்விட்டார்.

"கட்டாடியாப் போகேல்லை. அந்த வேட்டிக்குப் போறன்" என்றார் பெரியப்பா.

அதற்கு மேல் நான் மறுக்கவில்லை. புறக்கோட்டையில் வெள்ளைத் துணி வாங்கிக்கொண்டு ஓடி வருகிறேன் என்றேன். அவர் அதற்கும் தலையாட்டவில்லை. "புதுத்துணி மாற்று இல்லை. ஒராள் உடுத்து, ஒராள் வெளுத்திருக்கவேணும்."

வெளுத்த வெள்ளையாக அன்று கடையில் இருந்தவை அடுத்த நாள் காலை நேர்சிங் ஹோமுக்குப் போகவேண்டிய பெட்சீட்டுகள் மட்டும்தான். பின்னேரம் அவிழ்த்து, திரும்ப அவித்துக் காயவைத்துக் காலையில் கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்த கணக்கு. பெரியம்மா மட்டும், "சனத்தின்ர உடுப்பெல்லே" என்று ஒருமுறை சொன்னார். பெரியப்பா பெட்சீட் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார்.

அவர் வெள்ளை கட்டியதை நான் அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். சியாமளா அக்காவின் வீட்டுக் கூரை கொங்கிரீட் தட்டு. கூரைமரம் இல்லை, வளை இல்லை. பெரியப்பா அறையை அண்ணாந்து ஒரு சுற்றுச் சுற்றினார். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ப்பக்கத் திரைச்சீலைக் கம்பிக்குக் கயிறு இழுத்தார். குறுக்கே இன்னும் மூன்று கயிறு. ஓடு வேய்வது போல ஒரு துணியின் ஓரத்தை மற்றதன் ஓரம் மூட, மேலிருந்து நூலோட்டம் போட்டார். முடிச்சு ஒன்றும் கீழே தெரியவில்லை. நீல எழுத்து உள்ள மூலைகளை மேல்பக்கமாக மடித்து உள்ளே சொருகினார். கீழே நின்று பார்த்தால் ஒரே துணி போல இருந்தது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிளாஸ்டிக் கதிரையில் இருந்த ஒருவர், "கட்டாடி, அந்தப் பக்கம் கொஞ்சம் தொங்குது" என்றார். இன்னொருவர் யாரிடமோ, "அவையளுக்குப் பின்னால வைச்சுத் தேத்தண்ணி குடுங்கோ" என்றார். எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ். எங்கள் இரண்டு பேருக்கும் கடதாசிக் கப். பெரியப்பா குடித்தார். நான் பின்வளவில் ஊற்றினேன்.

பெரியப்பா யோசிக்காமல் விட்டவை இரண்டு. சியாமளா அக்காவின் தகப்பன் இறந்தால் அக்காவோடு வேலை செய்பவர்கள் வருவார்கள் என்பது ஒன்று. கொழும்பில் செத்தவீட்டுக்குள் காற்றாடி வைப்பார்கள் என்பது மற்றது.

மத்தியானம் வெக்கை தாங்காமல் இரண்டு ஸ்டாண்ட் ஃபேனைக் கொண்டுவந்து சவப்பெட்டியின் இரண்டு பக்கமும் வைத்தார்கள். துணி மெல்ல மூச்சு வாங்கத் தொடங்கியது. அதே நேரம் மேட்ரனும் நான்கைந்து நேர்சுமாரும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஐயர் கிரியை தொடங்கியிருந்தார். சுண்ணம் இடிக்க உரலும் உலக்கையும் வைத்தாயிற்று, பெண்கள் சூழ நின்றார்கள். அப்போதுதான் நடுத்துணியின் நூல் விட்டது. சொருகியிருந்த மூலை கழன்று கீழே இறங்கி, மாஸ்டரின் முகத்துக்கு நேரே மேலே நின்று ஆடியது. நீல எழுத்து. மேட்ரன் அண்ணாந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த நேர்ஸ். பிறகு சியாமளா அக்கா.

பெரியப்பா ஏணியை நோக்கி ஓரடி வைத்தார். ஆனால் பிணத்துக்கு மேலால் ஏணி போட்டு ஏறுகிற நேரம் அது அல்ல. கிரியை முடியும்வரை அந்த மூலை அப்படியே தொங்கியது. சுண்ணப் பாட்டு நிற்கவில்லை. சபையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அதை வாசித்தார்கள். நான் பட்டம் எடுத்த ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தது. அன்று எனக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

மாலையே நேர்சிங் ஹோமிலிருந்து சொல்லிவிட்டார்கள், நாளைக்குத் துணி கொண்டுவர வேண்டாம், கடைக்காரர் நேரில் வரட்டும் என்று.

காலையில் பார்வதி அக்கா அயர்ன் மேசையடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என் தலையில போட்டுருங்க தம்பி. பார்வதி படிக்காதவ, தெரியாம மாத்தி எடுத்துக் குடுத்துட்டான்னு சொல்லுங்க. என்னை நிப்பாட்டிட்டதாச் சொல்லுங்க. ஒரு மாசம் அந்தப் பக்கம் தலை காட்டாம இருக்கேன். அந்த வேலை போச்சுன்னா மூணு பேருக்கும் அடுப்பு எரியாது." எனக்கும் அதைத் தவிர வழி தெரியவில்லை. போகிற வழியில் பெரியப்பாவுக்குச் சொன்னேன். அவர் பஸ் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மேட்ரன் எங்களை உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அந்த வழியை அவரே திறந்தும் வைத்தார்.

"உங்க வேலையாக்கள் யாரும் மாறி எடுத்துட்டாங்களா? அப்படின்னா சொல்லுங்க. நான் மேல அப்படியே சொல்லிக்கிறேன்."

நான் ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெரியப்பா முந்திக்கொண்டார்.

"இல்லை மிஸ். நான்தான் எடுத்தனான். தெரிஞ்சுதான் எடுத்தனான்."

மேட்ரன் பேனையை மேசையில் வைத்தார். "ஏன்?"

"ஒராளுக்குக் குடுக்கவேண்டி இருந்தது."

"நாளைக்கு அதே துணியில என்ட பேஷண்டைப் படுக்க வைக்கிறதுக்கா இருந்தீங்க?"

"அவிச்சுத்தான் தந்திருப்பன். துணியில சாவு ஒட்டாது மிஸ். ஒட்டுமெண்டா உங்கட கட்டில் ஒண்டிலயும் ஒருத்தரும் படுக்கேலாது."

மேட்ரன் பேனையைத் திரும்ப எடுத்து மூடினார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"அது எனக்கும் தெரியும்" என்றார். "ஆனா அது இங்க கூரையில தொங்கறதில்ல. நேத்து என்னோட வந்த பிள்ளைகள் எல்லாம் பாத்துட்டாங்க. டொக்டர்மாருக்கும் கதை போயிட்டுது. ஒரு சீக்காளியோட சொந்தக்காரனுக்கு நான் என்ன சொல்ல ஏலும்? என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க."

பெரியப்பா எழும்பிக் கும்பிட்டார். வேலை அவ்வளவோடு போனது.

அவரோடு பல வாரம் நான் பேசவில்லை. ஒரு பொய். அதுவும் மற்றவர் தாமாகக் கொடுத்த பொய். அதைச் சொல்லியிருந்தால் பார்வதி அக்கா கடையில் இருந்திருப்பார். எங்கள் கடையும் இருந்திருக்கலாம். அவர் செய்தது சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்லமுடியவில்லை. தன் கையால் கட்டிய வெள்ளையை இன்னொருத்தியின் பிழை என்று சொல்ல அவரால் முடியவில்லை என்பது மட்டும் விளங்குகிறது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் சியாமளா அக்காவின் டிரைவர் கடை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை. அரிசி, காய்கறி, வெற்றிலையில் சுற்றிய நாணயம், அடியில் மாஸ்டரின் வேட்டி ஒன்று. கட்டாடிக்குச் சேரவேண்டியவை. நேர்சிங் ஹோமில் அக்காவுக்கும் தலைகுனிவுதான். ஆனாலும் முறையை அவர் விடவில்லை.

பெரியப்பா அரிசியையும் மற்றதையும் அப்படியே திருப்பிக் கொடுத்தார். வேட்டியைத் திருப்பி வாங்க டிரைவர் மறுத்துவிட்டார். செத்தவீட்டு உடுப்பு, திரும்ப அந்த வாசல் ஏறக்கூடாதாம்.

பெரியப்பா வேட்டியை விரித்து ஓரம் ஓரமாகப் பார்த்தார். பெரியம்மாவிடம் ஒரு ரசீதுத் துண்டு எடுக்கச் சொன்னார். "சியாமளா எண்டு எழுது. வேட்டி ஒண்டு. கழுவி மடிக்க." எந்தக் கஸ்டமருக்கும் எழுதுவது போல. தானே அதைக் கழுவினார், கஞ்சி போட்டார், மணந்து பார்த்தார், புறங்கையால் தடவினார். மடித்து மண்ணிறக் கடதாசியில் சுற்றி, துண்டைக் குத்தி, ஆட்கள் வந்து எடுக்கும் தட்டில் வைத்தார்.

"நான் குடுக்க இருந்ததைக் குடுத்திட்டன். எனக்கு ஒண்டும் வர இல்லை" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல விருப்பமில்லை. பார்வதி அக்கா அழவில்லை. "பொய் சொல்ல வராத மனுசன்கிட்ட வேலை செஞ்சா இதுதான்" என்று சிரித்துவிட்டுத் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு கட்டடத்தில் மாடிப்படி கூட்டுவதாக அறிந்தேன். வேறு இடங்களில் வேலை கேட்டுப் போனேன். கதை எனக்கு முன்னால் போயிருந்தது. மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாக இருந்த காலத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமல் பெரிய மெஷின் நின்றது. நின்றதை இரும்பு விலைக்குக் கொடுத்தோம். பாமன்கடை வளவில் இப்போது ஒன்பது மாடி நிற்கிறது. எடுக்காமல் கிடந்த பார்சல்காரருக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் செய்து கொடுத்து முடித்தேன். ஒன்று மட்டும் மிஞ்சியது. சியாமளா அக்கா குடும்பத்தோடு கனடா போய்விட்டிருந்தார். அந்தப் பார்சலை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தேன்.

பெரியப்பா போன வருடம் இறந்தார். மலர்ச்சாலையில் சாட்டின் துணிக் கூரை ஏற்கனவே கட்டியிருந்தது. வருகிற எல்லாருக்கும் அதே கூரைதான். போர்த்த என்ன செய்வது என்று கேட்டேன். மலர்ச்சாலைக்காரர் பொலித்தீன் உறையில் மடித்த வெள்ளைத் துணி ஒன்றைக் காட்டினார். மல்லி, அதாவது தம்பி, பிராண்ட் நியூ, பெக்கட் கூட உடைக்கவில்லை என்று சிங்களத்தில் பெருமையாகச் சொன்னார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் அலுமாரியிலிருந்த பார்சலை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒராள் உடுத்தது. ஒராள் வெளுத்தது. மாஸ்டர் அன்று தகப்பனுக்குப் போர்த்ததைப் போல இன்று மகனுக்கு இது என்று எனக்குத் தோன்றியது. பெரியம்மாவிடம் நீட்டினேன்.

அவர் கடதாசியைப் பிரிக்கவில்லை. மேலே குத்தியிருந்த துண்டில் தன் கையெழுத்தை வாசித்தார். என் கையில் திருப்பித் தந்தார்.

"அது சனத்தின்ர உடுப்பு தம்பி. கொண்டுபோய் வை."

மலர்ச்சாலைக்காரர் பொலித்தீனைக் கிழித்தார். மடிப்புக் கோடுகள் சதுரம் சதுரமாக அப்படியே நின்றன. ஒருதரம்கூடத் தண்ணீர் காணாத துணி. அதைப் போர்த்தித்தான் பெரியப்பாவை அனுப்பினோம்.